7. பெரிய டயர் போடுவதற்கு முன்

கரும்பு அரவை தொடங்கி மூன்றாவது வாரம். பண்ருட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் நாலு சக்கர டிரெய்லரை என் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பின்பக்க இடது டயர் பத்து நாளில் இரண்டாவது முறையாக வெடித்திருந்தது.

"அண்ணே, இந்த 750 தாங்கல. பின்னாடி ரெண்டுக்கும் 900 போட்டுடலாம்னு இருக்கேன். ரிம் கிடைக்குமா?"

"லோடு எவ்வளவு ஏத்துறீங்க?"

"ஆலை ரசீதுல ஏழு டன் சொச்சம் வருது."

"பின் அச்சுல எவ்வளவு இறங்குது?"

அவர் என்னைப் பார்த்தார். அதை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

டிரெய்லருக்குப் பெரிய டயர் வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த எண் தெரியாமல்தான் வருகிறார்கள். டயர் கடையிலும் கேட்பதில்லை. "இப்ப என்ன ஓடுது? 750-ஆ? அப்ப 900 போடுங்க" என்று முடித்துவிடுவார்கள். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பெரிய டயர் போட்டதும் மனசுக்குத் தைரியம் வந்து, அடுத்த நடையில் இன்னும் அரை டன் ஏற்றிவிடுகிறோம். அந்த அரை டன்னை டயர் தாங்கும். அச்சும் பேரிங்கும் தாங்குமா என்பது வேறு கணக்கு. இந்த அத்தியாயம் முழுக்க அவருடைய டிரெய்லரை வைத்தே அந்தக் கணக்கைப் போடப்போகிறேன். உங்கள் டிரெய்லரின் எண்களை அதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் காற்று

எடை போடுவதற்கு முன்பே ஒரு வேலை செய்தேன். வெடிக்காத மூன்று டயர்களிலும் கேஜ் வைத்துப் பார்த்தேன். 60, 55, 70. மூன்றும் மூன்று விதம். பக்கச்சுவரில் அச்சிட்டிருந்த அளவு இதைவிட எவ்வளவோ மேலே இருந்தது. "போன மாசம்தான் காத்து அடிச்சேன்" என்றார். எந்தக் கடையில், எந்த மீட்டரில் என்று நான் கேட்கவில்லை.

பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் நைலானும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை, அவ்வளவுதான். காற்றின் அழுத்தத்தைத் தரையில் பதியும் பரப்பால் பெருக்கினால் டயர் சுமக்கும் எடை கிட்டத்தட்ட வந்துவிடும். காற்று குறைந்தால் அதே எடையைச் சுமக்க டயர் இன்னும் அகலமாகத் தரையில் பரவியாக வேண்டும். அப்படிப் பரவும்போது ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடிந்து மடிந்து நிமிரும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் சுடுகிறதல்லவா, டயருக்கும் அதுதான் நடக்கிறது. உள்ளே சூடு ஏறி, நைலான் அடுக்குகளுக்கு இடையே பிடிப்பு விட்டு, கடைசியில் வெயிலில் கொதிக்கும் தார்ச் சாலையில் வெடிக்கும். நாம் பாரத்தைக் குறை சொல்வோம்.

அதனால் பெரிய டயருக்குக் காசு எண்ணுவதற்கு முன் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்கு நல்ல கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வண்டி நகர்வதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடி வந்த டயரில் பார்க்கக் கூடாது. காலையில் 30 டிகிரியில் 90 பி.எஸ்.ஐ. (கடையில் பாயின்ட் என்பார்கள்) வைத்த டயர், ஓடிச் சூடேறி 70 டிகிரியைத் தொட்டால் அதுவாகவே நூறைத் தாண்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைப் பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு. மறுநாள் காலையில் அந்த டயர் 75-இல் நிற்கும்.

நம்முடைய விவசாயியின் டிரெய்லருக்குக் காற்று மட்டும் போதுமா? இல்லை, போதாது. அது எடைமேடையில் தெரிந்தது.

சக்கரத்துக்கு எவ்வளவு

ஆலை ரசீதில் இருப்பது கரும்பின் எடை. டயருக்கு வேண்டியது ஒவ்வொரு அச்சிலும் இறங்கும் எடை. இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. சாதாரண எடைமேடை போதும். ஆள் கொஞ்சம் நல்லவராக இருக்க வேண்டும், பின்னால் வரிசை நீளமாக இருக்கக் கூடாது. பாரத்தோடு டிரெய்லரின் நான்கு சக்கரமும் மேடையில் ஏறி, டிராக்டர் வெளியே நிற்கும்போது ஒரு எடை. பிறகு முன் சக்கரங்கள் மேடையை விட்டு இறங்கி, பின் சக்கரங்கள் மட்டும் நிற்கும்போது ஒரு எடை. இரண்டையும் கழித்தால் முன் அச்சு வந்துவிடும். கொக்கி இறுகி இழுத்துக்கொண்டு நிற்காமல், சமதளத்தில் தளர்வாக நிற்கட்டும்.

அவருடைய டிரெய்லருக்கு வந்த கணக்கு இது: மொத்தம் 8.9 டன். பின் அச்சில் 5.3, முன் அச்சில் 3.6. இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைய வித்தியாசம். காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கரும்புக் கட்டுகள் தொட்டிக்குப் பின்னால் நாலடி நீட்டிக்கொண்டிருந்தன. பின்னால் நீளும் ஒவ்வொரு கட்டும் தன் எடையைப் பின் அச்சில் போடுவதோடு நிற்பதில்லை. நெம்புகோல் மாதிரி முன் அச்சைக் கொஞ்சம் தூக்கி, அந்த எடையையும் பின்னால் தள்ளிவிடுகிறது. வெடித்த இரண்டு முறையும் பின் டயர்தான் வெடித்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

5.3 டன்னை இரண்டால் வகுத்தால் ஒரு பின் டயருக்கு 2,650 கிலோ. அதுவும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால். ஓரமாகச் சரிந்த சாலையில், வாய்க்கால் மதகு ஏறும்போது, ஒரு பக்கத்தில் இன்னும் கூடும். பத்துப் பதினைந்து சதவீதம் கையிருப்பு வைப்பது என் வழக்கம்.

எடைமேடை பக்கத்தில் இல்லாதவர்கள் கொள்ளளவை வைத்துக் கணக்கிடலாம். நம் ஊரில் மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. காய்ந்த மணல் ஒரு யூனிட் ஏறக்குறைய நாலரை டன். அதே மணல் நனைந்திருந்தால் ஐந்தைத் தாண்டிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே உயரம்தான். நெல்லோ அதே 100 கன அடிக்கு ஒன்றரை டன்னைச் சுற்றித்தான் வரும். நெல்லுக்குப் பத்து வருஷம் ஓடிய டயர் வீடு கட்டும் மணலுக்கு ஒரே மாதத்தில் போய்விட்டது என்று புலம்புகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். தண்ணீர்த் தொட்டி வைத்தவர்களுக்குக் கணக்கே வேண்டாம், ஆயிரம் லிட்டர் ஒரு டன். ஆனால் அரைத் தொட்டித் தண்ணீர் திருப்பத்தில் ஒரு பக்கமாக ஓடும். நிறைத்து ஓட்டுங்கள், அல்லது காலியாக ஓட்டுங்கள்.

இரண்டு சக்கர டிப்பர் டிரெய்லருக்கு இன்னொரு விஷயம். பாரத்தில் ஒரு பகுதி கொக்கி வழியாக டிராக்டரின் பின் சக்கரத்துக்குப் போய்விடும். மிச்சம் முழுவதும் இரண்டே டயரில். ஒன்றரை டன் டிரெய்லர், ஐந்து டன் பாரம், கொக்கியில் ஒரு டன் என்றால் ஒரு டயருக்கு 2,750 கிலோ. நாலு சக்கர டிரெய்லரில் ஓடும் டயரை அப்படியே கழற்றி டிப்பருக்குப் போடுவது எவ்வளவு தப்பு என்று இதிலிருந்தே தெரியும்.

டயரின் மேல் எழுதியிருப்பது

இப்போது பக்கச்சுவரைப் படிப்போம். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, சாய்வாக டார்ச் அடித்தால் எழுத்து துல்லியமாகத் தெரியும்.

7.50-16 என்றால் டயரின் அகலம் ஏறக்குறைய ஏழரை அங்குலம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். இந்தப் பழைய வகை டயர்களில் உயரமும் ஏறத்தாழ அகலத்துக்குச் சமம். அதனால் மொத்த விட்டத்தை மனக்கணக்காகவே போடலாம்: 16-உடன் இரண்டு ஏழரையைக் கூட்டினால் 31 அங்குலம். 9.00-16 என்றால் 34. இந்த மூன்று அங்குல வித்தியாசம் பின்னால் நிறைய வேலை வைக்கப்போகிறது, நினைவில் வையுங்கள்.

அடுத்து பிளை. "16 பிளை டயர்" என்றால் உள்ளே 16 அடுக்கு நூல் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பருத்தி நூல் காலத்தில் அப்படித்தான் எண்ணினார்கள். இப்போது நைலான். 16 பருத்தி அடுக்குக்குச் சமமான பலம் என்று மட்டும் பொருள். பிளை கூடினால் டயர் அதிகக் காற்றழுத்தத்தைத் தாங்கும், அதன் மூலம் அதிக எடையைத் தாங்கும். அந்தக் கூடுதல் காற்றை அடைக்காமல் 16 பிளை டயரை 10 பிளை அழுத்தத்தில் ஓட்டினால் கூடுதல் விலை கொடுத்ததுதான் மிச்சம்.

ஆக, சுமைத் திறனைக் கூட்ட இரண்டு வழி. அதே அளவில் பிளையைக் கூட்டி அதிகக் காற்று வைப்பது ஒன்று. அளவைக் கூட்டி அதிகக் கொள்ளளவில் காற்றை வைப்பது மற்றொன்று. ரிம், உயரம் எதையும் மாற்ற வேண்டாம் என்பதால் முதல் வழியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அதில் கணக்கு எட்டவில்லை என்றால்தான் இரண்டாவது. சேற்று வயலில் இறங்குகிறவர்களுக்கு மட்டும் இரண்டாவதில் தனி லாபம் உண்டு. விட்டம் பெரிதானால் சக்கரம் பள்ளத்தில் விழுவது குறையும், வரப்பை எளிதாக ஏறும். பழைய மாட்டு வண்டிச் சக்கரம் ஆள் மார்பு உயரம் இருந்தது சும்மா இல்லை.

பிளையைவிட நம்பகமானது சுமைக் குறியீடு. 122, 134, 144 போல ஒரு மூன்று இலக்க எண், அதையொட்டி ஒரு எழுத்து. எல்லாக் கம்பெனிக்கும் இது பொது. 122 என்றால் ஒரு டயருக்கு 1,500 கிலோ. 128 என்றால் 1,800. 134-க்கு 2,120, 138-க்கு 2,360, 140-க்கு 2,500, 144-க்கு 2,800. சாய்கோடு போட்டு இரண்டு எண் இருந்தால் முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது ஜோடிச் சக்கரத்துக்கு. எழுத்து வேகத்தைச் சொல்கிறது: ஏ8 என்றால் மணிக்கு 40 கி.மீ., எஃப் என்றால் 80, ஜே என்றால் 100. வேகம் குறையக் குறைய அதே டயர் அதிகம் சுமக்கும். ஆனால் எவ்வளவு அதிகம் என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்க்க வேண்டும், டீக்கடையில் கேட்கக் கூடாது. மாறாக, ஏ8 டயரில் 2,400 கிலோ என்று எழுதியிருந்தால் அது 40 கி.மீ. வேகத்துக்கு மட்டுமே. காலி டிரெய்லரை அறுபதில் பறக்கவிடும் பையன்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

நம்மவரின் பின் டயர்கள் சரக்கு வேனிலிருந்து கழற்றிய பழைய 7.50-16. குறியீடு 122. அதாவது வேன் ஓடும் வேகத்தில் 1,500 கிலோ. மெதுவாக ஓடும் டிரெய்லருக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்தாலும் 2,650 கிலோவுக்குப் பக்கத்தில்கூட வராது. அதுவும் 55 பாயின்ட் காற்றில். வெடித்தது ஆச்சரியமில்லை, இத்தனை நாள் ஓடியதுதான் ஆச்சரியம்.

பழைய டயர் வாங்கும்போது இன்னொரு எண்ணையும் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம், 2319 என்பது போல. 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகிறது. வருஷத்தில் ஆறு மாதம் களத்துமேட்டில் வெயிலில் நிற்கும் வண்டி. தரையில் படும் பட்டன் முழுசாக இருக்கும், பக்கச்சுவரில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். ரீட்ரெட் டயரானால் இந்த எண்ணை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்கவும். மேல் பட்டன் புதிது, உள்ளே இருக்கும் உடம்பு பழசு.

டயர் வண்டிக்கென்று வரும் 8.00-19 போன்ற டயர்களில் ஏ.டி.வி. என்ற எழுத்து இருக்கும். மாடு இழுக்கும் வண்டிக்கானது என்று அர்த்தம். மாட்டின் நடை வேகத்துக்குச் செய்த டயர். விலை மலிவு என்று டிராக்டருக்குப் பின்னால் கட்டிவிடாதீர்கள்.

ரிம் முதல் கொக்கி வரை

7.50-16, 9.00-16 இரண்டுக்கும் கடைசி எண் 16 என்பதால் அதே ரிம்மில் மாட்டிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. மாட்டவும் முடியும், அதுதான் ஆபத்து. 7.50-க்கு வழக்கமான ரிம் அகலம் 6 அங்குலம், 9.00-க்கு 6.5 அங்குலம். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் உள்விளிம்புகள் கிட்டக் கிட்ட வந்து, டயர் பலூன் போல உப்பி, நடுப் பட்டன் மட்டும் தரையைத் தொடும். பக்கத்துக்குப் பக்கம் ஆடவும் செய்யும். ரிம்முக்கும் தனியாக ஒரு சுமை, அழுத்த எல்லை இருக்கிறது. பத்து வருஷம் சாணியிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறிய ரிம்மில் நூறு பாயின்ட் வைப்பது சரியல்ல. டயரைக் கழற்றியதும் கம்பி பிரஷால் துருவைத் தேய்த்துவிட்டு, ஸ்டட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தாலே அந்த டிஸ்க் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

ரிம் மாற்றினால் டியூபும் ஃபிளாப்பும் மாற்றியாக வேண்டும். "டியூப் நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் இழுத்துக்கும்" என்பார் கடைக்காரர். இழுத்துக்கும், உண்மைதான். இழுபட்ட இடத்தில் மெலிந்து, வால்வைச் சுற்றிக் கிழியும்.

லாக் ரிங் ரிம்மைப் பற்றி ஒரு வார்த்தை. வேகமாகப் படித்துக்கொண்டு வந்திருந்தால் இங்கே நில்லுங்கள். வளையம் சரியாக உட்காராமல் காற்று அடித்தால் அது தெறிக்கும். கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் வேகம் அதற்கு உண்டு. வளையம், பள்ளம் இரண்டையும் துரு இல்லாமல் சுத்தம் செய்து, இரும்புக் கூண்டுக்குள்ளோ குறைந்தபட்சம் சங்கிலியால் சுற்றிக் கட்டியோதான் காற்று அடிக்க வேண்டும். வளையம் இருக்கும் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. காற்று ஏறும்போது வளையத்தைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கும் பழக்கத்தை எங்கே பார்த்தாலும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை.

ரிம்முக்கு அடுத்தது இடம். விட்டம் மூன்று அங்குலம் கூடினால் தொட்டி ஒன்றரை அங்குலம், அதாவது கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் உயரும். பின்னால் மட்டும் மாற்றினால் டிரெய்லர் முன்பக்கம் சாயும், முன் அச்சில் கொஞ்சம் எடை கூடும். நாலு சக்கர டிரெய்லரில் முன் டயரை மாற்றினால் டர்ன்டேபிள் திரும்பும்போது சக்கரம் தொட்டியின் அடியில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். அகலமும் நாலு சென்டிமீட்டர் கூடுவதால் உள்பக்கம் ஸ்பிரிங் பட்டைக்கும் டயருக்கும் இடைவெளி குறையும். காலி வண்டியில் இதையெல்லாம் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். பாரம் ஏறி பட்டை படிந்த பிறகு, ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறி நிற்கும்போது, டயருக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே கை நுழைய வேண்டும். என் அளவுகோல் அதுதான்: விரல் அல்ல, கை.

அச்சு, ஹப், பேரிங், ஸ்டட். இவற்றின் திறன் டயர் மாற்றியதால் ஒரு கிலோகூடக் கூடவில்லை. டிரெய்லரைச் செய்தவர் எந்த எடைக்கு அச்சு போட்டாரோ அதே அச்சுதான். முன்பெல்லாம் பலவீனமான டயர் முதலில் வெடித்து எச்சரிக்கும். இப்போது டயர் வெடிக்காது, அச்சு முறியும். டயர் வெடித்தால் வண்டி சாயும். திருப்பத்தில் அச்சு முறிந்தால் சக்கரம் தனியாக ஓடும், எதிரே யார் வருகிறார்களோ அவர்கள் பாடு.

பிரேக்கைப் பற்றிச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. என் பட்டறைக்கு வரும் டிரெய்லர்களில் பாதிக்கு மேல் பிரேக்கே கிடையாது. பின்னால் வரும் எட்டு டன்னையும் இரண்டு டன் டிராக்டர்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது பின்னால் யாரோ தள்ளுவது போல ஓட்டுநருக்குத் தெரியும். பிரேக் உள்ள டிரெய்லரிலும் சக்கரம் பெரிதானால் அதே பிரேக்கின் பிடிப்பு கொஞ்சம் குறையும், ஏனென்றால் அது இன்னும் நீளமான கையை எதிர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஜோடிச் சக்கரம் போடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். லாரி அச்சும் ஹப்பும் போட்ட டிரெய்லருக்கு அது நல்ல வழி, ஒரு டயர் போனாலும் வண்டி உடனே உட்காராது. ஆனால் ஜோடியின் இரண்டு டயரும் ஒரே சுற்றளவு இருக்க வேண்டும். ஒரு நூலை எடுத்து இரண்டையும் நடுப் பட்டனில் சுற்றி அளந்து பாருங்கள். நூல் மிஞ்சுகிற டயர், அதாவது சின்னது, சும்மா தொங்கிக்கொண்டு வரும். பெரியது இரண்டு பேர் எடையையும் சுமந்து செத்துப்போகும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறு பக்கம் நைலான் போடுவதும் இதே கதைதான்.

ஆர்.சி.-யில் இருக்கும் எடை

டயரைப் பெரிதாக்கினாலும் ஆர்.சி.-யில் அச்சிட்ட மொத்த எடை கூடிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த டயர் அளவுகள் எவை என்று முதலில் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் இல்லை என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்ட பிறகே கை வையுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

அதிக பாரத்துக்கு 194-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கும் செலவும் உங்களுடையது. எடை போட நிறுத்தாமல் போனால் 40,000. ஒரு அபராதத்துக்கு இரண்டு புது டயர் வாங்கிவிடலாம்.

நாங்கள் செய்தது

அவருடைய ஆர்.சி.-யில் மொத்த எடை 7.7 டன். டிரெய்லர் 1.7, பாரம் 6. ஆலை ரசீதில் 7.2 டன் கரும்பு. வண்டி ஒவ்வொரு நடையிலும் 1.2 டன் கூடுதலாகச் சுமந்திருக்கிறது. முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "எல்லாரும் அப்படித்தான் அண்ணே ஏத்துறாங்க" என்றார். அது எனக்கும் தெரியும்.

கரும்பை 6 டன்னுக்குக் குறைத்து, பின்னால் நீட்டியதை ஒன்றரை அடிக்குள் கொண்டுவந்து, மறுபடி எடைமேடைக்குப் போனோம். பின் அச்சில் 4.2 டன். டயருக்கு 2,100 கிலோ, கையிருப்போடு 2,400. 7.50-இல் எந்தப் பிளையிலும் அது எட்டவில்லை. ஆக, 900 வேண்டும் என்று அவர் வந்தபோது சொன்னது சரிதான், காரணம்தான் வேறு. அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த பட்டியலில் 9.00-16 இருந்தது. 40 கி.மீ. வேகத்துக்கு 2,400 கிலோவுக்குக் குறையாமல் அச்சிட்ட 16 பிளை டயராகப் பார்த்து வாங்கச் சொன்னேன். 6.5 அங்குல ரிம், புது டியூப், புது ஃபிளாப். பின்னால் இரண்டு மட்டும் மாற்றினால் வண்டி முன்னால் சாயும் என்பதால் நான்கையும் மாற்றினார். செலவு கூடியது, அதை மறைக்க விரும்பவில்லை. டர்ன்டேபிளுக்கு மேல் ஒரு தகடு உரசியது, அதை வெட்டி வேறு இடத்தில் பற்றவைத்தோம். ஹப் பேரிங்கைத் திறந்து புது கிரீஸ் வைத்தோம். பின் வலது பேரிங்கில் நீலம் பாய்ந்திருந்தது, சூட்டில் வெந்த அடையாளம். டயர் வெடித்திராவிட்டால் அடுத்தது அதுதான்.

முதல் நடைக்கு முன் அவரிடம் கொடுத்த வேலைகள் இவ்வளவுதான். நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வடிவில் முறுக்குவது. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குவது, ஏனென்றால் புது ரிம்மின் பெயின்ட் நசுங்கி நட்டு தளரும். ஆலை வாசல் வரிசையில் நிற்கும்போது இறங்கிப்போய் நான்கு டயரையும் நான்கு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. நான்கும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கையை எடுக்க வைத்தால் டயரானால் காற்றைப் பாருங்கள், ஹப்பானால் பேரிங்கைப் பாருங்கள். அரவை முடிந்ததும் அச்சுக்கடியில் கட்டை வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயர் மேல் கித்தானைப் போட்டு மூடுவது.

போகும்போது கழற்றிய 750-இல் ஒன்றைத் தொட்டிக்குள் தூக்கிப் போட்டார். "ஸ்டெப்னியா இருக்கட்டும் அண்ணே."

இறக்கச் சொன்னேன். ஒரு பக்கம் 31 அங்குலம், மறு பக்கம் 34 என்றால் அச்சு சரிந்து, பாரம் அந்தப் பழைய டயர் பக்கமாகச் சாயும். ஐந்தாவதாக ஒரு 900 வாங்கினார். முனகிக்கொண்டேதான். அவருடைய பழைய ஜாக்கியும் ஒன்றரை அங்குலம் உயர்ந்துவிட்ட வண்டிக்கு எட்டவில்லை. அதற்கு மட்டும் காசு செலவாகவில்லை. அடியில் வைக்க ஒரு வேப்பங்கட்டையைப் பட்டறையிலிருந்தே அறுத்துக் கொடுத்தேன்.